இருபத்திரண்டாம் வரிசை, நடு இருக்கை

அத்தை விமானத்தை விமானம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி என்பாள். "இன்னிக்கு ரெண்டு வண்டி நிக்குது, வர லேட்டாகும்" என்று காலையில் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். தெரியாதவர்கள் கேட்டால் ஏதோ லாரி ஷெட்டில் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். விமான நிலையத்தின் பின்வாசல் வழியாக நுழைந்து, பழுது பார்க்கும் பெரிய கூடத்தைத் தாண்டினால், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு தகரக் கூரை அறை. உள்ளே ஆறு தையல் மெஷின்கள். அங்கே மூன்றாவது மெஷினில் உட்கார்ந்து அத்தை இருபத்து மூன்று வருஷம் பயணிகளின் இருக்கைகளுக்கு உறை தைத்தாள். மெஷினின் எண்தான் ஆளின் பெயர். அத்தையை "மூணு" என்று கூப்பிடுவார்கள். வண்டிகளும் அப்படித்தான். ஏழு, பதினொன்று, பதினாலு.

இந்த உறை வீட்டு சோபாவுக்குப் போடுகிற உறை அல்ல. துணியில் தீப்பிடிக்கக் கூடாது, தைக்கிற நூலிலும் பிடிக்கக் கூடாது. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு வெள்ளைப் பட்டை. அதில் அழியாத மையில் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஓர் அட்டை. எந்த வண்டி, எத்தனையாவது வரிசை, எந்த இருக்கை, எந்தத் தேதியில் தைத்தது எல்லாம் அட்டையில் எழுதிய பிறகு பரிசோதகர் முத்திரை குத்துவார். அது விழாமல் உறை வண்டியில் ஏறக் கூடாது. பரிசோதகரை எல்லோரும் முத்திரை என்றே கூப்பிட்டார்கள். அவர் மனைவிகூட வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று ஒன்றாம் மெஷின்காரி சத்தியம் செய்வாள்.

மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நாற்பது பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்குகிற மனிதர், அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஊழியர் குடும்பத்துக்குக் கிடைக்கிற இலவச டிக்கெட் வருஷாவருஷம் வீணாய்ப் போகிறது என்று அத்தை நச்சரித்து, வெளிநாட்டிலிருக்கும் தன் தம்பியைப் பார்த்துவர அவரைச் சம்மதிக்க வைத்தாள். கிளம்புகிற அன்று காலையில் அவர் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு அவளை வம்புக்கு இழுத்தார்.

"உன் தையல் மேல உக்காந்துட்டு அஞ்சு மணி நேரம் போகணும். நடுவுல கிழிஞ்சு தொலைச்சா?"

"உங்களை விட ரெண்டு மடங்கு ஆளுங்க உக்காந்து எழுந்து போயிருக்காங்க. ஒண்ணும் ஆகாது."

"நீ தச்சது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கோணலா இல்லாம இருக்கும். அதுதான்."

"வீட்ல என் சட்டைக்கு மட்டும் ஏன் கோணலாத் தைக்கிற?"

"அதுக்கு யாரும் முத்திரை குத்தறதில்லயே."

பதினொன்றில் ஏறினார். புறப்பட்டு இரண்டு மணி ஐம்பது நிமிஷம் கழித்து விமானி கட்டுப்பாட்டு அறையோடு வழக்கம்போலப் பேசினார். அதற்குப் பிறகு வண்டி இல்லை. வானம் தெளிவாக இருந்தது. உதவி கேட்டு ஒரு சொல்கூட வரவில்லை. திரையில் இருந்த புள்ளி, ஈரம் காய்வதுபோல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது என்று பிற்பாடு ஒருவர் சாட்சி சொன்னார். மாமாவோடு சேர்த்து இருநூற்று ஆறு பேர்.

எனக்கு அத்தை வீட்டில்தான் தங்கல். வேலைக்கு அங்கிருந்துதான் போய்வந்தேன். முதல் வாரம் வீட்டில் நாற்காலி போதவில்லை. உறவினர்களைத் தேற்றுவதற்கென்று கம்பெனி அனுப்பிய ஒரு பெண், மெல்லிய குரலில், "நீங்க இதை மெதுவா ஏத்துக்கணும்மா" என்றாள்.

"எதை?" என்றாள் அத்தை.

அந்தப் பெண் மடியிலிருந்த கோப்பைப் புரட்டினாள். பயிற்சியில் அந்தக் கேள்வி வந்திருக்காது.

"நீ நல்ல பொண்ணு. உன்மேல கோவம் இல்ல. எத ஏத்துக்கணும்னு சொல்லு, ஏத்துக்கறேன். விழுந்துடுச்சுன்னு காட்டு, ஏத்துக்கறேன். ஒண்ணுமே தெரியாதுங்கறத எப்படிம்மா ஏத்துக்கறது? அது கையில நிக்க மாட்டேங்குதே."

ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். தெருவில் பேசினார்கள். கல் மனசு என்றார்கள். எதிர்வீட்டு டீச்சர் மட்டும் நேரிலேயே கேட்டார், "அவரு நல்ல மனுஷனா இருந்தாரு, உன்னால எப்படி..." என்று. அத்தை வாசலில் நின்றபடியே, "இருந்தாருன்னு சொல்லாதீங்க டீச்சர். இருக்காருன்னும் நான் சொல்லல. எங்கன்னு தெரியலன்னு சொல்லுங்க. அதுதான் உண்மை" என்றாள். டீச்சர் அதற்குப் பிறகு மாமாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார்.

அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். உயிரோடு வருவார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தேடுகிற இடம் சரியா, தேடி முடித்தார்களா. அவ்வளவுதான்.

தேடினார்கள். கணக்குப் போட்டவர்கள் மேற்கே கை காட்டினார்கள். மேற்குக் கடலில் கப்பல்கள் பதினாலு மாதம் கயிற்றில் கருவிகளை இழுத்துக்கொண்டு நடந்தன. ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை. மாதக் கடைசியோடு தேடலை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அதற்கு முன்னால் விசாரணைக் குழு கடைசியாக ஒருமுறை கூடும், குடும்பத்துக்குப் பத்து நிமிஷம் பேசலாம் என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த வாரத்தில்தான், தெற்கே வெகுதூரத்தில் ஒரு தீவின் மணலில் ஒரு துணி ஒதுங்கிய செய்தி வந்தது. நீலச் சாம்பல் துணி, பாதிக்கு மேல் கிழிந்தது. நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். உள்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டையும் அதில் 4417 என்ற எண்ணும் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அத்தை பத்திரிகையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் எழுதுகிற 4 என்ற எண்ணின் தலை மூடாமல் திறந்திருக்கும், நாற்காலியைக் கவிழ்த்து வைத்ததுபோல. படத்தில் அப்படி இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"என் கையெழுத்துடா" என்றாள். குரல் மாறவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்தப் படத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாள்.

கம்பெனியே சொல்லட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் கம்பெனி சொன்னது: அந்தத் துணி எங்கள் தையல் அறையில் தைத்ததுபோலத் தெரிகிறது, ஆனால் காணாமல் போன விமானத்தைச் சேர்ந்ததல்ல. 4417 வேறொரு விமானத்தின் உறை. அந்த விமானம் பத்திரமாக நம்மிடம் இருக்கிறது, உறையும் அதில் இருக்கிறது. கரையில் கிடந்தது எண் தவறி எழுதிய கழிவுத் துணியாக இருக்கலாம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்ததைச் சொன்னார்கள். காகிதத்தில் பொய்யை எழுதி வைத்தவள் என் அத்தை.

அன்று மாலை அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தகரக் கூரை அறையில் கைமாத்து என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு வண்டி கிளம்புகிற நேரத்தில் ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கும், இல்லையென்றால் யாராவது காபியைக் கவிழ்த்திருப்பார்கள். அந்த இருக்கைக்குத் தயாராக மாற்று உறை இருக்காது. ஆனால் வேறொரு வண்டிக்காக முத்திரை குத்தி மடித்து வைத்த உறை அலமாரியில் இருக்கும். அளவு ஒன்றுதான், நிறம் ஒன்றுதான். அதை எடுத்துப் போட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். எடுத்ததற்குப் பதிலாகப் பிறகு ஒன்றைத் தைத்து, அதே எண்ணை எழுதி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். அட்டை அப்படியே இருக்கும். விதிப்படி புது எண், புது அட்டை, புது முத்திரை வேண்டும். அதற்கெல்லாம் ஒரு நாள் ஆகும். வண்டி நாற்பது நிமிஷத்தில் கிளம்பிவிடும்.

"பதினொண்ணு காணாமப் போறதுக்கு மூணு மாசம் முன்னாடி. இருபத்திரண்டாவது வரிசை, நடு சீட்டு. ஏழுக்குத் தச்சு வச்சிருந்தத எடுத்துப் பதினொண்ணுக்குப் போட்டேன். ஏழு பெரிய சர்வீசுக்கு வர நாளாகும்னாங்க. சாவகாசமா இன்னொண்ணு தச்சு அதே நம்பர எழுதி வச்சேன். இப்ப ஏழுல இருக்கறது ரெண்டாவது. கடல்ல வந்தது முதலாவது."

"அப்படின்னா வண்டி தெக்கே..."

"தெக்கேதான். இவங்க பதினாலு மாசமா மேக்கே தேடிட்டு, இல்லன்னு எழுதிட்டுப் போகப்போறாங்க."

சொன்னால் வேலை போகும். அது மட்டுமல்ல, அறைக்குக் கொடுத்திருக்கும் அனுமதியே ரத்தாகலாம். அவள் அதை என்னிடம் ஒருமுறை சொன்னாள், மறுபடி சொல்லவில்லை. "எழுது" என்றாள்.

குழுவுக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளை எல்லாம் போட்டேன். வாசித்துக் காட்டியபோது முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"அதென்ன, துரதிர்ஷ்டவசமாக?"

"ஒரு மரியாதைக்கு, அத்தை."

"எடு அத. துரதிர்ஷ்டம் ஒண்ணும் வந்து தைக்கல. நான்தான் தச்சேன்."

அடுத்த பத்தியில் "பணிச்சூழலின் அழுத்தத்தால்" என்று இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னாள். "நேர்ந்துவிட்டது" என்பது "செய்தேன்" ஆயிற்று. ஒரு பக்கம் இருந்தது ஒன்பது வரியாகச் சுருங்கியது. இப்போது அதைப் படித்தால், நான் எழுதியதிலேயே அதுதான் தேறும் என்று தோன்றுகிறது. அதில் என் சொல் ஒன்றுகூட இல்லை.

சேதி எப்படியோ அறைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே முத்திரை வந்தார். ஒல்லியான மனிதர், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பவர். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அத்தை தேநீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"மூணு, நான் ரிட்டயராக இன்னும் ஏழு மாசம்தான்."

"தெரியும்ணே."

"கைமாத்து யாரு பண்ணல? அந்தக் கூரையே கைமாத்துலதான் நிக்குது. இத்தனை வருஷத்துல ஒருத்தனுக்கு ஒரு கீறல் பட்டிருக்கா அதனால?"

"இல்ல."

"பின்ன எதுக்கு அத நடு வீதிக்கு இழுக்கிற? ஆறு மெஷின், ஆறு வீடு. அடுப்புல கை வைக்காத."

"வண்டியில இருநூத்தி ஆறு வீடுண்ணே."

முத்திரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் தணிந்த குரலில் ஆரம்பித்தார். "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. துணி மேக்க கிடைச்சா என்ன, தெக்க கிடைச்சா என்ன? ஆளு வரப்போறதில்லம்மா. உனக்கும் தெரியும்."

"வருவாருன்னு நான் சொன்னேனா?"

"இல்ல, ஆனா..."

"உங்க செருப்புல ஒண்ணக் காணோம்னா கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்க மாட்டீங்க? பக்கத்து ரூம்ல தேடிட்டு இல்லன்னு விட்டுடுவீங்களா? இது செருப்பு இல்லண்ணே. என் ஆளு. குனிஞ்சு பாக்கச் சொல்றேன். அவ்வளவுதான் கேக்கறேன்."

"என் பேரச் சொல்லுவியா?"

"என் வாயால சொல்ல மாட்டேன். ஆனா அட்டையில உங்க முத்திரை இருக்கு. அத நான் அழிக்க முடியாது. நீங்க முதல் உறையப் பாத்து, சரியாப் பாத்துத்தான் குத்தினீங்க. கேட்டா அதயே சொல்லுங்க."

"ரெண்டாவது எனக்குத் தெரியாதுன்னு சொல்லட்டா?"

அத்தை அவரையே பார்த்தாள். "அது உங்க வாய்ணே" என்றாள்.

அவர் எழுந்து போனார். தேநீரில் ஏடு படிந்திருந்தது.

வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டோம். குழுவிலிருந்து பதில் ஏதும் வரவில்லை. கடைசிக் கூட்டம் ஒரு நீளமான அறையில் நடந்தது. சுவர் முழுக்கப் பலகை அடித்து, குரல் எதிரொலிக்காமல் செய்திருந்தார்கள். ஒருவர் அழுதால் அழுகை அங்கேயே விழுந்து நின்றது. மேடையில் குழுத் தலைவர், வலப்பக்கம் கம்பெனியின் வக்கீல். வக்கீலின் மேஜையில், ஏழிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த உறை, கண்ணாடித்தாள் பையில் இருந்தது. தங்களிடம் 4417 பத்திரமாக இருக்கிறது என்று காட்டக் கொண்டுவந்திருந்தார்கள். பின்வரிசையில் கம்பெனி ஆட்கள், அவர்களில் முத்திரையும் ஒருவர்.

ஒவ்வொரு குடும்பமாகப் பேசினார்கள். தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி தலையை அசைத்தார். அத்தையின் முறை வந்தது.

"சொல்லுங்கம்மா. பத்து நிமிஷம் இருக்கு."

"அவ்வளவு வேணாம் சார். நான் எழுதிக் குடுத்தத படிச்சீங்களா?"

தலைவர் காகிதங்களைப் புரட்டினார். வக்கீல் எழுந்தார். "படிச்சோம். ஆதாரம் எதுவும் இல்ல. உங்க வேதனை எங்களுக்குப் புரியுதும்மா."

"வேதனைய விடுங்க. அந்தப் பையில இருக்கறத எடுத்துக் குடுங்க."

"இது சாட்சிப் பொருள். யாரும் தொடக் கூடாது."

"நான் தச்சதுங்க அது. தொடாமலா தச்சேன்?"

உறவினர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்த அறையில் பல மாதங்களில் அதுதான் முதல் சிரிப்பாக இருந்திருக்கும். தலைவர் கையை உயர்த்தி, "எதுக்குக் கேக்கறீங்க?" என்றார்.

"தைக்கும்போது துணியோட ஓரத்த உள்ள மடிச்சு வச்சுத் தைப்போம். அந்த ஓரத்துல ரோல் நம்பர் அச்சடிச்சிருக்கும். எந்த ரோல் துணின்னு பாக்கணும். ஒரு பக்கம் தையலப் பிரிச்சாப் போதும்."

"சேதப்படுத்த அனுமதிக்க முடியாது" என்றார் வக்கீல்.

"மறுபடி தச்சுக் குடுத்துடறேன் சார். என் வேலைதானே."

தலைவர் சற்று யோசித்துவிட்டு, பிரியுங்கள் என்றார். வாசலில் சோதனை போட்டபோது கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா ஒருவர் காகிதம் வெட்டுகிற கத்தியை நீட்டினார். "இது துணியத் தின்னுடும்" என்று அத்தை தள்ளிவிட்டு, தோளிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். ஊக்கின் முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கினாள். அவசரப்படவில்லை. இருநூறு பேர் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் என்று சொன்ன கடிகாரம் பதினாலைக் காட்டியது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

மடிப்பு வாயைத் திறந்தது. உள்ளே ஓரத்தில் சின்ன எழுத்தில் 88.

"எம்பத்தெட்டாம் ரோல்" என்றாள். "ஸ்டோர் ரிஜிஸ்டர் உங்க பெட்டியில இருக்கும். அது என்னைக்கு வந்துச்சுன்னு பாக்கச் சொல்லுங்க."

குமாஸ்தா பெட்டிகளைத் திறந்து தேடினார். பதிவேட்டைத் தலைவரிடமே கொடுத்தார். பத்தொன்பதாம் தேதி என்று தலைவர் வாசித்தார்.

"இப்ப 4417-ஓட அட்டையப் பாருங்க. முத்திரை என்னைக்கு?"

"மூணாம் தேதி. அதே மாசம்." அவர் நிமிர்ந்தார். "மூணாம் தேதி இந்தத் துணியே வரலியே. எப்படித் தச்சு முத்திரை குத்தினீங்க?"

"குத்தல சார். மூணாம் தேதி முத்திரை வாங்கினது வேற உறை. அந்தத் தீவுல கிடக்கறது அதுதான். இது அதுக்குப் பதிலா நான் தச்ச திருட்டு உறை."

வக்கீல் விடவில்லை. "இருக்கலாம். ஆனா முதல் உறை காணாமப் போன விமானத்துல இருந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? குப்பையில போட்டிருக்கலாம்."

"பதினொண்ணோட கேபின் நோட்டுக்கு நகல் இருக்கும். அதே மாசம் ஏழாம் தேதி பாருங்க."

நகல் இருந்தது. இருபத்திரண்டாம் வரிசை, நடு இருக்கை, உறை மாற்றப்பட்டது. எந்த உறை என்று எழுத வேண்டிய கட்டம் காலி.

"எந்த உறைன்னு எழுதல" என்றார் வக்கீல்.

"எழுதல. எழுதியிருந்தா அன்னைக்கே என்னை வெளிய அனுப்பியிருப்பீங்க. அதனாலதான் எழுதல."

"பதினாலு மாசமா ஏன் வாயத் திறக்கல?"

"பதினாலு மாசமா அது வெறும் சீட்டு உறைங்க. இப்பதான் அதுக்கு ஒரு அர்த்தம் வந்திருக்கு."

"ஒரு தடவ பொய் எழுதினவங்க சொல்றத நாங்க எப்படிம்மா நம்பறது?"

"என்னை நம்பாதீங்க. துணிய நம்புங்க. அதுக்குப் புருஷன் இல்ல, வேலை இல்ல, பயமும் இல்ல."

வக்கீல் தலைவரைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "இதனால உங்க வேலை போயிடும். தெரியும்தானே?"

"அலமாரியக் காலி பண்ணி, சாப்பாட்டு டப்பாவயும் கத்தரிக்கோலயும் எடுத்துட்டுத்தான் வந்தேன். கத்தரிக்கோல உங்க ஆளுங்க வாசல்ல வச்சிருக்காங்க. போகும்போது குடுக்கச் சொல்லுங்க."

தலைவர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, இந்த முத்திரை யாருடையது என்று கேட்டார். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. முத்திரை எழுந்து நின்றார். மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னுதுதான் சார்."

"ரெண்டாவது உறை பத்தித் தெரியுமா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கப்பல்கள் தெற்கே திரும்பின. அதற்கு ஆறு வாரம் ஆயிற்று. அத்தைக்கு வேலை போக நான்கு நாள் ஆயிற்று. தகரக் கூரை அறையை மூன்று மாதம் பூட்டினார்கள். மெஷின்காரிகளைச் சலவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். முத்திரையை அந்த ஏழு மாதம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அதன் பிறகு அத்தையோடு பேசவில்லை. அவர் மனைவி எங்கள் தெருவில் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அத்தை அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அந்தப் பக்கம் வெயில் அதிகம்" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

ஒன்றாம் மெஷின்காரி மட்டும் போன் செய்தாள். "ஈரத் துணியத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சுடி. நீ நல்லாருப்பியா? புருஷன் போனா உனக்கு மட்டுந்தான் போனானா? எங்க ஷெட்ட ஏன்டி இழுத்து மூடின?" என்று மூச்சு விடாமல் திட்டினாள். அத்தை காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "சரி. எந்தப் பக்கம் தேடறாங்க இப்ப?"

"தெக்கே. பன்னண்டு கட்டமா பிரிச்சிருக்காங்க. மூணு முடிஞ்சுது."

"பெரிய கட்டமா?"

"ஒவ்வொண்ணும் நம்ம ஊர் மாதிரி அஞ்சு மடங்கு."

"அம்மாடி" என்றாள் ஒன்றாம் மெஷின்காரி. அடுத்த வாரமும் போன் செய்தாள். முதலில் திட்டு, பிறகு கட்டம்.

அத்தை முன் அறையில் மெஷின் போட்டு, பேருந்துகளுக்கும் வேன்களுக்கும் இருக்கை உறை தைக்கிறாள். மாமா ஓட்டிய பள்ளிக்கூட வேனுக்கும் அவள்தான் தைத்தாள். பட்டை வைத்து எண் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறாள். ஒரு நோட்டில் அதே எண்ணைப் பதிகிறாள். கைமாத்து ஆனாலும் பதிகிறாள். திங்கள்கிழமை காலை பத்து மணிக்குத் தேடல் அலுவலகத்துக்குப் போன் போடுகிறாள். எடுக்கிற பையன் அவள் குரலைக் கேட்டதும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிவிடுகிறான். நாலு. ஐந்து. ஆறில் கடல் கொந்தளிப்பு. ஏழு. எட்டு முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் அடைக்கிறாள்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். விமான நிலையத்துக்கு முன்னால் ஒரு நினைவுக் கல் வைக்கிறார்களாம். எல்லோருடைய பெயரையும் செதுக்கப் போகிறார்களாம். குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

அத்தை மெஷினில் உட்கார்ந்தபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"இருநூத்தி அஞ்சு வீட்லயும் சம்மதம் குடுத்துட்டாங்கம்மா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"தேடி முடிச்சாச்சா?"

"இல்ல... இன்னும் நாலு கட்டம் இருக்குன்னு சொல்றாங்க. அது வேற டிபார்ட்மென்ட்ம்மா."

"அப்ப கல்லுக்கு என்ன அவசரம்?"

"அடுத்த மாசம் திறப்பு விழா. அமைச்சர் தேதி குடுத்திருக்காரு. உங்க வீட்டுக்காரர் பேர் மட்டும் விட்டுப்போச்சுன்னா பாக்கறதுக்கு நல்லா இருக்காது."

"நல்லா இருக்காதுதான். விட்டுடுங்க."

"காலி இடமாவாம்மா?"

"காலி இடமாத்தான். வர்றவங்க ஏன் காலியா இருக்குன்னு கேப்பாங்க. தேடல் இன்னும் முடியலன்னு நீங்க பதில் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் சொல்லுங்க. நாலு கட்டமும் முடியட்டும், நானே வந்து எழுத்துக் கூட்டிச் சொல்றேன்."

அந்தப் பக்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. அத்தை போனை வைத்துவிட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை. இருந்தாலும் மறுபடி எடுத்து, தேடல் அலுவலகத்தின் எண்ணைப் போட்டு, ஒன்பதாவது கட்டத்தில் கப்பல் எப்போது இறங்குகிறது என்று கேட்டாள்.